மூச்சுக் கணக்கு

உச்சக்குரலில் பாடும் புது சோப்ரானோ பாடகி மூச்செடுப்பதற்குள், ஒத்திகையில் இரண்டாவது தடவையாக வயலினும் செல்லோவும் வாசிக்கும் நால்வரின் வில்லும் தந்தியில் இறங்கிவிட்டது. புதியவள் என்று ஆழம் பார்க்கிறார்களோ என்று அவளுக்குச் சுருக்கென்றது.

“எனக்கு முன்னாடியே ஏன் ஆரம்பிக்கிறீங்க?”

“கை காட்ட இங்க ஆளில்லம்மா. பாடறவங்க மூச்சு இழுக்கிற சத்தம்தான் எங்களுக்குக் கணக்கு,” என்றார் செல்லோக்காரர். “நீ இழுத்த, நாங்க வாசிச்சோம்.”

“நான் இழுக்கவே இல்லையே சார்.”

மறுபடி தொடங்கும்போது வேண்டுமென்றே வாயையும் மூக்கையும் கையால் பொத்திக்கொண்டாள். காதோரம் யாரோ விசில் போன்ற இழுப்போடு மூச்செடுத்தார்கள். வில்கள் இறங்கின.

செல்லோக்காரர் மட்டும் வாசிக்கவில்லை.

“என் வீட்டுக்காரிக்கு அந்த இழுப்பு சாகிறவரைக்கும் தீரல,” என்றார். “நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்கம்மா. அவ எப்பவும் அங்கதான் நின்னு பாடுவா.”