பூட்டாத கதவு

புதிதாகச் சேர்ந்த எடிட்டர் ஆர்த்திகா, பேய்ப்பட டிரெய்லரைப் போட்டுக் காட்டினாள். ஆளில்லாத வீடு. இசை சட்டென்று நின்றது. அந்த அமைதியில் ஓர் ஆணின் குரல்: "கதவப் பூட்டிறாத, வந்துக்கிட்டே இருக்கேன்."

இயக்குநர் சிவக்குமார் துள்ளி எழுந்தார். "ஆத்தாடி! பேயைக் காட்டாமலே குலைநடுங்க வச்சிட்டியேம்மா!"

திருமங்கலம் தியேட்டரில், மதியக் காட்சி இடைவேளையில் டிரெய்லர் ஓடியது. குரல் கேட்டதும் கூட்டமே அலறியது. ஆர்த்திகா மட்டும் கண்மூடிப் புன்னகைத்தாள்.

வெளியே வந்ததும் சிவக்குமார் கேட்டார்: "யாரும்மா அந்தக் குரல்? அடுத்த படத்துக்கும் கூப்பிடுவோம்."

"என் வீட்டுக்காரருண்ணே. வேலை முடிஞ்சு கெளம்பும்போது போன்ல பேசி அனுப்புனது. வர்ற வழியில லாரி மோதிப் போய்ச் சேந்துட்டாரு."

சிவக்குமார் எடுத்த கார் சாவியை மறுபடி சட்டைப்பைக்குள் போட்டார்.

"நீங்க கெளம்புங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுக்கப் போனாள் ஆர்த்திகா.