அம்மி பொளிகிற சத்தம்

சுவிசில், ஷ்லீரனில், சத்தம் போடக்கூடாத மத்தியான ஓய்வு நேரம் முடிந்த கையோடு ஜெனனி வயலினைத் தோளில் வைக்கிறாள். போன மாரியில் காலமான டென்மார்க் இசையமைப்பாளருக்கு இன்று மாலை பேர்ணில் அஞ்சலிக் கச்சேரி. முதல் அரங்கேற்றத்தில் சனம் எழும்பிப் போயும் அவர் ஒரு சுரத்தைக்கூட மாற்றாத ஆக்கத்தை இவள்தான் வாசிக்கப் போகிறாள். வில் நரம்பில் அழுந்திக் கரகரக்கிறது. குசினியில் தாய் புனிதவதிக்குப் பல் கூசுகிறது. "உளியாலை அம்மி பொளியிற மாதிரிக் கிடக்கு," என்று வழக்கம்போல முணுமுணுக்கிறாள். யன்னல் வெயிலில் மிளகாய்த்தூள் போத்தல் சிவந்து நிற்கிறது. திடீரென்று கீழ்வீட்டுக்காரர் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் மேலே இடிக்கிறார்; போத்தல் அதிர்கிறது, வில் நிற்கிறது. இது இசையில்லை, இரைச்சல் என்று நேற்றுப் படிக்கட்டில் அவர் சொன்னது புனிதவதியின் காதுக்குள்ளேயே கிடக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல், யார் சுவரில் தட்டினாலும் பிள்ளைகளின் வாயைப் பொத்தியவள் அவள். இப்போது கரண்டியை வைத்துவிட்டு வந்து, வெறுங்குதிக்காலால் தரையில் ஓங்கி இடிக்கிறாள். "நீ வாசி பிள்ளை." "நீங்களும் அம்மி எண்டுதானேம்மா சொல்லுறனியள்?" "ஓம், நான் சொல்லுவன். அந்தாள் ஆர் சொல்லுறதுக்கு?" வில் முன்னிலும் கரகரத்து இறங்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு புனிதவதி யன்னலை விரியத் திறந்துவிடுகிறாள்.