தின்னாமல் விட்ட பக்கம்

"பாஸ்போர்ட்டையே தின்னுடுச்சு பாரு, உன் பூனை!"

கலந்தர் அதைக் கட்டிலின் மேல் எறிந்தான். பின்னட்டையில் பாதி இல்லை. கடைசித் தாள்கள் எச்சிலில் ஊறிக் கந்தலாகியிருந்தன. கட்டிலுக்கடியில் உட்கார்ந்து பூனை மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

கமருன்னிஸா குனிந்து பூனையைப் பார்த்தாள். அந்தப் பூனைக்குச் சோறும் மீனும் இரண்டாம்பட்சம். செருப்பு வார், பாவாடை நாடா, கொசுவலை, பால் கவர், எதுவும் தப்பாது. குவைத்திலிருந்து கலந்தர் பேசி அனுப்பிய கேசட்டின் நாடாவைக்கூட ஒருமுறை உருவித் தின்றிருக்கிறது. அன்றைக்கு அதை அடித்தாள். ஆனால் விரட்டவில்லை. அவன் இல்லாத மாதங்களில் அவள் அறையில் மூச்சு விடும் சத்தம் அது ஒன்றுதான்.

"ஞாயித்துக்கிழமை ஃப்ளைட்டு. எதைக் காட்டி ஏறுறது? பாஸ்போர்ட் வச்ச பெட்டியை யாரு தொறந்தா?"

"நான்தான். ஊறுகாய் பாட்டில் வச்சேன். மூடிட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஜிப்பை இழுத்தது ஞாபகம் இருந்தது. கடைசிவரை இழுத்தாளா என்பது ஞாபகமில்லை. கை பாதியில் தானாக நின்றிருக்கலாம். அப்படி நின்றிருந்தால் கையைக் குறை சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை.

சத்தம் கேட்டு மாமியார் ஷம்சாத் துடைப்பத்தோடு வந்தாள்.

"இந்த இப்லீஸைச் சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட விடுன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டாளா மகராசி? ஏம்மா, புருஷன் போறது பொறுக்கலைன்னா வாயைத் தொறந்து சொல்லு. பூனையை ஏவி விடுறியா?"

"மாமி, அல்லா மேல சத்தியமா..."

"சத்தியம் ஒண்ணுதான் கொறைச்சல்! எம்புள்ள சம்பாரிக்கப் போவணும். வாய்க்கால் வெட்டிக்கிட்டு ஊரோட கெடக்கவா பெத்தேன்?"

இதை அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வளையலை விற்று அவனை முதலில் விமானம் ஏற்றியவள் அவள்தான். அந்தச் சம்பாத்தியத்தில் அவளுடைய இரண்டு பெண்கள் கரையேறினார்கள், வீட்டுக்கு மாடி எழும்பியது. ஒவ்வொரு லீவு முடியும்போதும் எல்லோரும் அழ, அவள் மட்டும் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நேரமாச்சு, ஏறுடா" என்பாள்.

கலந்தர் குரலைத் தணித்தான். "நான் இருக்கணும்னா கேக்க வேண்டியதுதானே, கமரு?"

"கேட்டா இருப்பீங்களா?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஆற்றில் தண்ணீர் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவனுடைய வயலில் குத்தகைக்காரன் முருகையன் சேற்றில் இறங்கி வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான்.

சேதி கிடைத்து, பாபநாசத்திலிருந்து டிராவல்ஸ் அந்தோணிமுத்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பாஸ்போர்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"என்ன பாய், பிரியாணியில போட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

"புதுசு எடுக்கலாம். ஆனா அது கைக்கு வர்றதுக்குள்ள லீவு தாண்டிடும், விசா செத்துடும். அப்புறம் குவைத்தை மறந்துட வேண்டியதுதான்."

கமருன்னிஸாவுக்கு, மறந்துடலாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. அந்தோணிமுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"போட்டோ தப்பிச்சுது. விசா பக்கம்..." அவர் முகம் மலர்ந்தது. "பல்லே படலை பாய்! இது போதும். அட்டையைத் தைச்சு ஒட்டிக்கலாம். திருச்சி ஏர்போர்ட்ல தெரிஞ்சவர் இருக்காரு, நான் பேசிக்கிறேன். ஜும்மா முடிச்சுட்டுக் கடைக்குக் கொண்டாங்க, பைண்டிங் ஆளை வரச் சொல்றேன்."

"அல்ஹம்துலில்லா!" முதலில் சொன்னது ஷம்சாத்தான். அந்தோணிமுத்து கையிலிருந்து பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு மகனிடம் திரும்பினாள். "இனிமே இவ கண்ணுல இதைக் காட்டாதே. தொழுதுட்டு வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். பூனையையும் என் ரூம்ல போட்டுப் பூட்டுறேன். சாயந்திரம் நானே சாக்குல கட்டி அனுப்புறேன்."

பூனையின் பிடரியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். கலந்தர் குளித்துத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசல்வரை போனவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டினான்.

கமருன்னிஸா அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் போய்விடுவான். அதற்கு இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. பூனையையாவது விட்டுவைக்கச் சொல்லி மாமியார் காலில் விழுந்து கேட்கலாம் என்று எழுந்து போனாள்.

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. ஷம்சாத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பூனை அவள் மடியில் இருந்தது. அதன் வாய்க்கு நேராகப் பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்திருந்தாள்.

"காலையில அத்தனை நேரம் வாயில வச்சு ஊட்டினேன், விசா பக்கத்தை மட்டும் விட்டுட்டியேடா ராஜா," என்று அதன் தலையைத் தடவினாள் ஷம்சாத். "தின்னுடு, என் தங்கம்ல, எம்புள்ள தொழுதுட்டு வர்றதுக்குள்ள தின்னுடு."