நாலே அடி

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் வசுமதி அந்த அதிர்வு மெஷின்மேல் ஏறி நின்றாள். பற்கள் கிடுகிடுத்தன, காது ஜிமிக்கி துள்ளியது, அடுக்களையில் தட்டுகள்கூடக் கலகலத்தன. எடை மட்டும் எண்பத்தாறை விட்டு அசையவில்லை. "கொஞ்சம் குறையட்டும், அப்புறம் விசேஷத்துக்கெல்லாம் சேர்ந்தே போலாம்" என்று சொல்லித்தான் கணவர் சிவக்கொழுந்து அதை வாங்கிப் போட்டார். அதுவரை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனியாகப் போய், அவளுக்கென்று ஒரு தாம்பூலப் பையைக் கேட்டு வாங்கிவந்தார். சமையலறைக் கொக்கியில் பைக்குமேல் பை ஏறிக்கொண்டே போனது.

ஒருநாள்தான் கவனித்தாள். அவள் நின்று ஆடுகிற ஆட்டத்தில் மெஷின் தரையில் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. முதலில் தினமும் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தாள். பிறகு இழுப்பதை விட்டுவிட்டாள். அது சோபாவைத் தாண்டியது, டிவியைத் தாண்டியது. இன்று வாசலுக்குப் போகும் குறுகலான நடையை அடைத்துக்கொண்டு நின்றது.

பட்டு வேட்டியும் சென்ட் வாசனையுமாக வந்த சிவக்கொழுந்து திகைத்தார்.

"இதை ஏன் இங்க கொண்டாந்து வெச்ச?"

"நான் வெக்கலைங்க. அதுவாதான் வந்துச்சு."

"ஓரமாத் தள்ளு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

அவள் எட்டி வாசற்கதவைத் திறந்தாள். பிறகு மெஷின்மேல் ஏறி, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, பொத்தானை அழுத்தினாள்.

"பொறுங்க," என்றாள், குரல் நடுநடுங்க. "இன்னும் நாலே அடிதான்."