பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்

மார்த்தா தன் போனில் போட்ட மாதா பாட்டு, பக்கத்து வீட்டில் பாடியது.

ஸ்பீக்கர் கெட்டு ரோசாக் ஆகிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் அதைத் திட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத்தான் சுவரில் காதை வைத்தாள். சேசுவே, அங்கேயல்லவா கேட்கிறது!

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருந்த லினெட், போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்களும் பக்கத்து வீட்டு ஹபீபா ஆன்ட்டியும் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒரே மாதிரி ஸ்பீக்கர்தானே வாங்கினீங்க? புளூடூத்ல ரெண்டுக்கும் ஒரே பேரு. நீங்க அவங்களோடத அமுக்கிட்டீங்கம்மா.”

“அவளக் கேக்காம அது எப்படிடி என்னைச் சேத்துக்குது?”

“அதுக்குப் பூட்டே இல்ல லா. யாரு வேணும்னாலும் ஒட்டிக்கலாம்.”

“பாட்டு மட்டும்தானே போவும்?”

“போன்ல எது ஓடினாலும் போவும். சித்தி அனுப்புற வாய்ஸ் மெசேஜ்கூட.”

மார்த்தா போனைப் பிடுங்கினாள். முந்தாநாள் சத்தமே வராத தங்கச்சியின் மெசேஜை இப்போது போட்டுக் கேட்டாள்.

“நீ சொன்னது சரிதான்க்கா. அந்த ஹபீபாவுக்குத் தலைக்கனம்தான்.”

போச்சுடா!

“கேட்டிருப்பா. கேட்டுட்டும் வாயத் தொறக்கல பாரு! ஒட்டுக் கேக்குறதுக்குன்னே ஸ்பீக்கர மூடாம எந்நேரமும் ஓட விட்டு வெச்சிருக்கா, கள்ளி!”

“தப்பு நம்ம மேலம்மா.” லினெட் பழைய இணைப்பை அழித்து, அம்மாவின் ஸ்பீக்கருக்குப் புதுப் பேர் வைத்தாள். “இனிமே வேலை முடிஞ்சா புளூடூத்த மூடிடுங்க. தெரியாத பேரு வந்தா தொடாதீங்க.”

லினெட் அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிட, மறுநாள் காலை மாதா பாட்டு மார்த்தா வீட்டிலேயே பாடியது. சுவர் தாண்டிவிடக் கூடாதென்று சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு படபடவென்று அதிர்ந்தது. திறந்தால் ஹபீபா பீவி. முக்காடு நழுவியிருந்தது, மூச்சு வாங்கியது.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று மார்த்தா இடுப்பில் கை வைத்தாள்.

“மார்த்தாக்கா! ஒண்ணும் ஆவலையே?”

“எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்.”

“அல்லா காப்பாத்தினான்! ஒத்தையில இருக்கீங்க. காலையில உங்க பாட்டு வந்தா, அக்கா எழுந்துட்டாங்கன்னு நிம்மதியா நாசி கண்டார் சோத்துக் கடை வேலைக்குக் கெளம்புவேன். அதுக்குன்னே ஸ்பீக்கர மூடுறதில்ல. இன்னைக்கு வரலன்னதும் பதறிட்டேன்.”

மார்த்தாவின் கை தானாக இறங்கியது.

“அப்ப... என் தங்கச்சி பேசினது?”

“அதுவும் கேட்டுச்சு. மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதுக்காக மூடிட்டா, நீங்க விழுந்து கெடந்தா எனக்கு எப்படிக்கா தெரியும்?”