எரியுதா?

"எரியுதா?"

டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி வேல்கோ கேட்டான்.

இல்லை என்றான் அசென். அவன் காருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். இக்னிஷன் காயிலில் மாட்டியிருந்த டெஸ்ட் விளக்கைப் பார்த்துச் சொல்வது மட்டும்தான் அவன் வேலை. பானெட் தூக்கியிருந்ததால் வேல்கோவுக்கு உள்ளேயிருந்து விளக்குத் தெரியாது.

மூன்றாவது நாள். காலையிலிருந்து இது பதினோராவது 'இல்லை'.

வேல்கோவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. எழுபத்திரண்டு வயதில் ஒருவன் புகுந்து படுக்கிற இடமா அது.

கார் அசெனுடையது, நாற்பது வருசத்து லாடா. பழைய பாயிண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி மாட்டியது. திறந்து பார்க்க முடியாத எதையும் வேல்கோ நம்பமாட்டான். முதல் நாள் முழுக்க அந்தக் கறுப்புப் பெட்டியைச் சந்தேகப்பட்டே போயிற்று. கழற்றிக்கொண்டுபோய்த் தன் காரில் மாட்டிப் பார்த்தான். சாவியைத் தொட்டதும் கிளம்பியது.

பெட்டி நல்ல பெட்டிதான். காயிலுக்குக் கரண்டு வரவில்லை. சாவிக்கும் காயிலுக்கும் நடுவில் எங்கேயோ செத்துப்போகிறது. அந்த நடுவில் இருந்ததோ ஆறு பேர் ஆறு விதமாக ஒட்டுப்போட்ட வயர்க் கத்தை. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு டேப்.

நாளைக்கு த்ரோயானில் அசெனின் பேரக் குழந்தைக்கு ஞானஸ்நானம். மனைவி தோன்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மலைக் கணவாய் ஏறி இறங்கித் தானே ஓட்டிப்போவதாக அசென் தெருவெல்லாம் சொல்லியாயிற்று. வேல்கோ கை வைத்துக் கிளம்பாத வண்டி கார்லொவோ ஊரில் கிடையாது என்றும் கூடவே சொல்லியாயிற்று.

அது உண்மையும்கூட. ஐம்பது வருசமாக வேல்கோவிடம் இருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான்.

நேற்று, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றே அசென் கேட்டான், நீ பார்த்தது கார் வேலையா இல்லை அடுப்பு ரிப்பேரா என்று. வேல்கோவின் வாயில் ஸ்குரூ இருந்தது.

விரலால் வயரைத் தடவிக்கொண்டே போனான். ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு வயர் வழிமாறி உள்ளே போயிற்று. அது போகக்கூடாத இடம். கையை நுழைத்தான்.

சின்ன ஸ்விட்ச் ஒன்று தட்டுப்பட்டது.

தொண்ணூறுகளில் வாரத்துக்கு ஒரு கார் களவுபோன ஊர் இது. அப்போது ஆளாளுக்குக் கரண்டை வெட்டிவிடுகிற ஒரு ஸ்விட்சை ஒளித்து வைத்தார்கள். வைத்த இடத்தைக் கட்டினவளுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். முதல் நாளே வேல்கோ கேட்டான், அப்படி எதுவும் வைத்தாயா என்று. அம்மா மேல் சத்தியமாக இல்லை என்றான் அசென். உலகத்தில் யாரையும் நம்பாத வேல்கோ அதை நம்பினான்.

டார்ச் அடித்துப் பார்த்தான். சுற்றிலும் முப்பது வருசத் தூசி. ஸ்விட்சின் நுனியில் மட்டும் தூசி இல்லை. இப்போதுதான், சில நாளைக்குள்தான், யாரோ அணைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. இடம் தெரிந்தவன் ஒருத்தன்தான்.

மூன்று நாளாக மல்லாக்கப் போட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான், கிழட்டு நாய்.

வேல்கோ ஸ்விட்சைப் போட்டான்.

"எரியுதா?"

"இல்லன்னா இல்லடா. எத்தன வாட்டி கேப்ப?"

வேல்கோ ஊர்ந்து வெளியே வந்தான். சட்டையைப் பிடித்துக் கேட்டுவிடுவது என்றுதான் வந்தான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இருட்டுக் கேரேஜில், அசெனின் முகத்துக்கு ஒரு முழம் முன்னால், மஞ்சளாக. அவன் மீசைமேல்கூட வெளிச்சம் விழுந்திருந்தது.

அசென் பார்த்துக்கொண்டுதான் நின்றான். விளக்கை அல்ல. அதற்கு ஒரு சாண் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தை.

வேல்கோ சத்தமில்லாமல் கையை அவன் கண்ணுக்கு நேரே கொண்டுபோனான். அசைத்தான். இமை ஆடவில்லை.

வசந்தத்தில் காரின் இடது மட்கார்டு நசுங்கிக் கிடந்தபோது அசென் ஒரு டிராக்டர்காரன்மேல் பழியைப் போட்டது ஞாபகம் வந்தது. டிராக்டர்காரனை வேல்கோவும் சேர்ந்துதான் திட்டினான்.

ஓட்ட முடியாது என்று அசென் யாரிடமும் சொல்லப்போவதில்லை. காரே அதைச் சொல்ல வேண்டும். ஊர் நம்புகிற ஆள் ஒருத்தன் வந்து, ஆமாம் என்று சொல்லவும் வேண்டும்.

முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த தோன்கா குரல் கொடுத்தாள். "வேல்கோண்ணே, காலையில கிளம்பிடலாமா? பிள்ளைங்க போன் பண்ணிக் கேக்கறாங்க."

வேல்கோ முழங்காலைப் பிடித்துக் குனிந்தான். கையை உள்ளே விட்டு ஸ்விட்சை அணைத்தான். எழுந்திருக்க நேரமாயிற்று.

"என்னால ஆகல, தோன்கா. பஸ்ஸுலயே போயிடுங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் விறகு பிளந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அசெனின் தோள் இரண்டும் கீழே இறங்கின. நிறைய நேரமாக மூச்சை அடக்கிவைத்திருந்தவன் மாதிரி விட்டான். பிறகு ஆரம்பித்தான். உன்னைக் கூப்பிட்டதற்கு ஒரு கழுதையைக் கூப்பிட்டிருக்கலாம் என்றான். கழுதையென்றால் எங்களை த்ரோயானில் கொண்டுபோயாவது விட்டிருக்கும் என்றான். பட்டறையை மூடிவிட்டுப் போய்ப் படு என்றான். கேரேஜிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து கேட், வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான்.

வேல்கோ மெதுவாக நடந்தான். படி வந்த இடத்தில் நின்றான். ஒரு படி, இன்னொரு படி என்று இறங்கினான்.

கேட்டைத் தாண்டிய பிறகும் திட்டு ஓயவில்லை. வேல்கோவின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களும் விடவில்லை.