உடம்புச் சூடு

இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் முகத்தில் வழக்கமான வெதுவெதுப்பு அடிக்கவில்லை.

அவள் கையை உள்ளே நீட்டிப் பார்த்தாள்.

செல் வளர்க்கிற பெட்டி எந்நேரமும் மனித உடம்பின் சூட்டில் இருக்க வேண்டும். அந்தப் பெரிய பெட்டி செத்த மீன்போலச் சில்லிட்டுக் கிடந்தது.

உள்ளே எட்டுக் குடுவைகள் இருந்திருக்க வேண்டும். மேல்மாடி வார்டில் முதுகெல்லாம் வெந்துபோய்க் குப்புறக் கிடக்கிறாளே ஒரு சிறுமி, அவளுடைய தொடையிலிருந்து எடுத்த தபால்தலை அளவுத் தோல். அதைச் செல் செல்லாகப் பிரித்து, இவள்தான் ஊட்டி வளர்த்தாள். ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது. குடுவைகளின் அடியில் மெல்லிய விரிப்பாகப் படர்ந்தது. நாளைக் காலை அந்த விரிப்பை எடுத்து அந்த முதுகில் போர்த்த வேண்டும்.

இருந்தது ஒரே ஒரு குடுவை. அதிலும், ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஊட்டநீர் மஞ்சளித்திருந்தது.

மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்த்தாள். உயிருள்ள தோல் செல் கைகால் நீட்டித் தரையைப் பற்றிக்கொண்டிருக்கும். பிடியை விட்டு உருண்டு மிதந்தால் கதை முடிந்தது. இங்கே எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. சவ்வு சுருங்கி, நடுவிலிருக்கும் உட்கரு கறுத்து, பொடிப்பொடியாக.

மற்ற ஏழு குடுவைகளையும் கொட்டியே விட்டார்கள்!

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

அறையின் கோடியில் மாப்பிள்ளை நின்றிருந்தார். ஆய்வகத்தில் எல்லோரையும்விட மூத்தவருக்கு அதுதான் பட்டப்பெயர். அங்கே அவருக்கென்று ஒரு சின்ன இன்குபேட்டர். காலையும் மாலையும் தலைவாரிக்கொண்டு அதன் கதவைத் திறப்பார். மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை தோற்றான் என்று எல்லோரும் சிரிப்பார்கள். போன வருடம் வேலைக்கு வந்தவள், அவளும் சிரித்திருக்கிறாள்.

“அம்மாவுக்கு ஆபரேஷன்னு ரெண்டே ரெண்டு நாள் போனேன். உங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்? உங்க கண்ணு முன்னாடி ஒரு உயிர் கொஞ்சம் கொஞ்சமா செத்திருக்கு, நீங்க கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாத்திருக்கீங்க! உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படி விட்டிருப்பீங்களா?”



அவர் நடந்துபோய்ச் சின்னப் பெட்டியின் கதவைத் திறந்தார். உள்ளே எட்டுக் குடுவைகள். எட்டிலும் ஊட்டநீர் ரோஜா நிறத்தில் தெளிந்திருந்தது.

“முந்தாநாள் மத்தியானம் பெரிய பெட்டி படுத்துருச்சும்மா. உங்கம்மாவ உள்ள கொண்டுபோற நேரம். அதான் கூப்பிடல.”

ஒரு பெட்டிக்குள் ஒருவருடைய செல்தான் இருக்கலாம். மற்றவருடையது கலந்துவிடக் கூடாது. சிறுமியை உள்ளே வைக்க வேண்டுமென்றால் அங்கிருந்ததை வெளியே எடுத்தாக வேண்டும்.

அவள் கையிலிருந்த குடுவையைத் திருப்பிப் பார்த்தாள். நோயாளி எண் இல்லை. பெட்டியே யாருடையது என்று சொல்லிவிடுவதால் அங்கே யாரும் சீட்டைப் படிப்பதில்லை. செல்லின் உட்கரு வரைக்கும் பார்த்தவள், மேலே ஒட்டியிருந்ததைப் பார்க்கவில்லை.

கோபம் மட்டும் இறங்க மறுத்தது. கயிறறுத்துக்கொண்டு ஓடி வந்து, முட்ட ஆளில்லாமல் நடுத்தெருவில் நிற்கிற மாடுபோல நின்றாள்.

கண்ணாடிச் சாமான் கழுவுகிற அக்கா, தொட்டியிலிருந்து தலையைத் திருப்பாமலே பேசினாள்.

“மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு எல்லாரும் நல்லாத்தான் சிரிக்கிறீங்க. அந்தக் குடுவையில இருக்கறது அவரு சம்சாரத்தோட கைத்தோலும்மா. இங்க இந்த வேலைய ஆரம்பிச்சப்ப, பழகிப் பாக்க நல்ல தோல் வேணும்னாங்க. எல்லாரும் பின்னால போனாங்க. அந்தம்மாதான் கைய நீட்டுச்சு. அது போய்ச் சேந்து ஏழு வருசம் ஆச்சு. மிச்சம் இருந்தது இந்தக் குடுவதான்.”

அவர் பிளீச்சிங் கரைசல் பாட்டிலை எடுத்தார். எறிவதற்கு முன் அதை ஊற்றிக் கொல்ல வேண்டும். அது விதி. மூடியைத் திறக்காமலே அவளிடம் கையை நீட்டினார்.

“குடும்மா. நேத்தே செஞ்சிருக்கணும். மனசு வரல.”

அவள் கொடுக்கவில்லை. குடுவையை மறுபடி மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தாள். இந்த முறை அவசரப்படாமல், தொலைந்த மூக்குத்தியைத் தேடுகிறவள்போல ஓரம் ஓரமாகத் தேடினாள்.

அடி மூலையில் ஒரு சின்னத் திட்டு.

பிரிவதை எப்போதோ நிறுத்திவிட்ட கிழட்டுச் செல்கள். ஆனால் தரையைவிட்டு வரமாட்டோம் என்று கைகால் பரப்பிக் கிடந்தன. நடுவில் உட்கரு தெளிவாக இருந்தது.

சின்னப் பெட்டி சிறுமிக்கு. பெரிய பெட்டி பிணம். அவள் மஞ்சள் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஊட்டநீர் விட்டாள். மூடியை இறுக்கினாள். வெள்ளைக் கோட்டின் பொத்தானைக் கழற்றி, அந்த மூலை நீரில் முங்கியிருக்கும்படி குடுவையை நிமிர்த்தி வயிற்றோடு வைத்து, பேண்டேஜ் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

கோபத்தில் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கட்டும்.

பிறகு போனை எடுத்து, பெரிய பெட்டியைப் பழுது பார்க்கச் சொல்லி அவள் கெஞ்சிய ஒவ்வொரு முறையும் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்ட நிர்வாக அதிகாரியைப் பிடித்தாள்.

“ஒரு பெட்டியச் சரிபண்ண உங்களுக்கு எத்தன உயிர் போகணும் சார்?” என்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. மேசையைக் குத்தினாள். குனிந்து குனிந்து கத்தினாள்.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, அவளுடைய தோளை ஒரு விரலால் மெல்லத் தொட்டார்.

“திட்டும்மா, நல்லாத் திட்டு. ஆனா நிமிந்து நின்னு திட்டு. குனிஞ்சா அவ இருக்கற மூலை காஞ்சு போயிடும்.”